மானியத்தை நம்பி மல்லி விதைக்கலாமா?

வேளச்சேரியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: விளாத்திகுளம் பக்கம் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் கரிசல் சும்மா கிடக்கிறது, மசாலாப் பயிர்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் நிறையத் திட்டம் வைத்திருக்கிறார்களாமே, மானியம் வாங்கிக் கொத்தமல்லியோ சீரகமோ போட்டால் தேறுமா? அப்புறம், இத்தனை திட்டம் இருந்தும் சீரக விலை ஏன் இப்படி ஏறி விழுகிறது? இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக நினைத்துக் கேட்டிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் விவசாயி இல்லை. சென்னையில் மசாலா அரைக்கும் ஒரு கம்பெனிக்கு இருபது வருடத்துக்கும் மேலாகக் கொள்முதல் பார்க்கிறவன். வருடத்தில் இரண்டு மாதம் குஜராத்தில் ஊஞ்சா, ராஜஸ்தானில் ராம்கஞ்ச் மண்டி, நம் விருதுநகர் என்று சந்தை சந்தையாக, மூட்டைகளில் சாம்பிள் எடுக்கும் குத்தூசி விட்டுக்கொண்டு திரிகிறவன். வயலில் நின்று பேசுகிற பேச்சு இல்லை இது, மூட்டைப் பக்கத்திலிருந்து பேசுவது. அதற்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சீரகத்தை மறந்துவிடுங்கள். அதற்குக் குளிர்ந்த, வறண்ட பனிக்காலம் வேண்டும். பூக்கும் நேரத்தில் காற்றில் ஈரம் ஏறினாலே கருகல் நோய் வந்துவிடும், வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய். ஐப்பசி கார்த்திகையில் மழையை எதிர்பார்த்து நிற்கும் நம் ஊருக்கும் சீரகத்துக்கும் ஜாதகப் பொருத்தமே கிடையாது. நாம் ரசத்தில் போடும் சீரகம் அனேகமாக முழுவதும் குஜராத், ராஜஸ்தானிலிருந்துதான் வருகிறது. வெந்தயம், சோம்பு, ஓமம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதே இடம்தான். நம் பக்கம் விதை மசாலா என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது மல்லி ஒன்றுதான், அதுவும் தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசல் காட்டில்.

ஆனாலும் சீரகக் கதையைச் சொல்லாமல் மல்லிக்கு வர முடியாது. 2023 ஜூலையில் சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக மேசையில் தட்டு நிறைய சாம்பிள் சீரகம் கொட்டி வைத்திருப்பார், வருகிற ஆளெல்லாம் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுத் தரையில் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்குத் தட்டு இல்லை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கேட்டவருக்கு மட்டும் திறந்து காட்டினார். ஊஞ்சாவில் குவிண்டால், அதாவது 100 கிலோ, 60,000 ரூபாயைத் தொட்டிருந்த நேரம் அது. அந்த வருடம் அறுவடைச் சமயத்தில் காலம் தப்பிய மழை, அதற்கு முந்தைய வருடங்களில் பரப்பும் குறைந்திருந்தது, கையிருப்பு இல்லை, எகிறிவிட்டது. அடுத்த விதைப்பில் என்ன ஆயிற்று? குஜராத்தில் மட்டும் சீரகப் பரப்பு சுமார் 2.75 லட்சம் எக்டரிலிருந்து 5.6 லட்சம் எக்டருக்குப் போனது. ஒரே வருடத்தில் இரட்டிப்பு. 2024 மார்ச்சுக்குள் விலை 25,000 பக்கம் வந்து நின்றது.

இந்த இரட்டிப்புக்கு எந்தத் திட்டமும் காரணம் இல்லை. யாரும் மானியம் கொடுத்துக் கூட்டிவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் டிராக்டர் வாங்கினான், இவனும் விதைத்தான், அவ்வளவுதான். இருபது வருடமாக நான் பார்த்ததும் இதுதான்: இன்ன பயிரை எவ்வளவு விதைப்பது என்பதைப் போன வருட விலையும் மழையும் முடிவு செய்கின்றன. திட்டம் அதன் ஓரத்தில் நிற்கிறது. திட்டத்தால் விளைச்சல் கூடியிருக்கிறது, சேதம் குறைந்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரப்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். தேசிய தோட்டக்கலை இயக்கம் 2005-06-ல் வந்தது, பிறகு 2014-15-ல் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்துக்குள் அதைச் சேர்த்தார்கள். அப்போதைய வழிகாட்டுதல்படி விதை மசாலாப் பயிருக்கு எக்டருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வைத்து அதில் 40 சதவீதம், அதாவது 12,000 ரூபாய், ஒருவருக்கு 4 எக்டர் வரை. அளவுகளைப் பிறகு திருத்தியிருக்கிறார்கள், இருந்தாலும் ஒரு பிடிமானத்துக்கு இதையே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,800 சொச்சம். இது பெரும்பாலும் விதை, உயிர் உரம், நுண்ணூட்டம் என்று பொருளாகத்தான் கைக்கு வரும். மானாவாரி மல்லி எக்டருக்கு 300 முதல் 400 கிலோ, ஏக்கருக்கு அதிகம் போனால் 160 கிலோ, விருதுநகர்க் கணக்கில் 40 கிலோ மூட்டை நான்கு. மல்லி விலை 2022-ல் வட இந்திய மண்டிகளில் குவிண்டால் 10,000-ஐத் தாண்டியது, அடுத்த வருடமே 7,000-க்குக் கீழே இறங்கியது. குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் இறக்கத்தை 160 கிலோவுக்கு, அதாவது 1.6 குவிண்டாலுக்குப் போட்டுப் பாருங்கள், 4,800. வருடம் முழுக்க அலைந்து, சிட்டா அடங்கல் எல்லாம் கொடுத்து வாங்கிய மானியம் முழுவதையும் விலை ஒரே மூச்சில் ஊதிவிட்டுப் போய்விடும். சீரகத்தில் இன்னும் மோசம். எக்டருக்கு ஐந்து குவிண்டால் என்று வைத்தால்கூட 60,000-க்கும் 25,000-க்கும் நடுவில் போனது 1,75,000 ரூபாய். அங்கே 12,000 எந்த மூலைக்கு?

இதைப் படித்துவிட்டு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருப்படியாகச் செய்த வேலைகளை யாரும் திட்டம் என்று சொல்வதில்லை, அதுதான் வேடிக்கை. குஜராத் மேசானா மாவட்டத்தில் ஜகுதன் என்று ஒரு ஊர், ஊஞ்சாவுக்குப் பக்கம்தான். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் விதை மசாலா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் கொடுத்த ஜிசி-4 என்ற சீரக ரகம் வாடல் நோயைத் தாங்கும், நல்ல பராமரிப்பில் எக்டருக்கு 12 குவிண்டால் வரை போகும். வயலில் பாதிச் செடி வாடிப்போய் ஏர் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போன காலம் அங்கே உண்டு. இன்று குஜராத் சீரகம் என்று நான் வாங்குவதில் பெரும்பகுதி அந்த ரகம்தான். அதற்காக யாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போடவில்லை, பயனாளி பட்டியல் இல்லை, திறப்பு விழா இல்லை. அஜ்மீர் அருகே தபீஜியில் விதை மசாலாவுக்கென்றே 2000-ல் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது. நம் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் கோ 1-ல் தொடங்கி கோ 4 வரை மல்லி ரகங்கள் கொடுத்திருக்கிறது, கடைசியாகச் சொன்னது 65, 70 நாளில் வந்துவிடும். என்னைக் கேட்டால் விதை மசாலாவில் அரசு போட்ட காசிலேயே அதிகம் திரும்பி வந்தது இந்த ஆராய்ச்சிக் காசுதான்.

இன்னொன்று தண்ணீர். ராஜஸ்தானில் ஜாலோர், பார்மர் மாவட்டங்களுக்கு 2008-ல் நர்மதா கால்வாய் வந்து சேர்ந்தது. அங்கே மடை திறந்து பாய்ச்ச முடியாது, தெளிப்புநீர்க் கருவி வைத்தால்தான் தண்ணீர் என்பதைத் திட்டத்திலேயே நிபந்தனையாக வைத்தார்கள். சீரகமோ தண்ணீர் நின்றால் செத்துப்போகும் பயிர், அளவாகக் கொடுத்தால் போதும் என்கிற பயிர். மசாலாவை மனதில் வைத்து யாரும் அந்தக் கால்வாயை வெட்டவில்லை, ஆனால் சாஞ்சோர் பக்கத்து மணலுக்கும் அந்தப் பயிருக்கும் அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மசாலாவுக்கென்று பெயர் போட்ட திட்டங்களைவிட இப்படிப் பக்கத்தில் போகிற திட்டங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது, நல்லதற்கும் கெட்டதற்கும்.

கெட்டதற்கு என்ன என்று கேட்டால், பயிருக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை. சீரகத்துக்கு அது கிடையாது, மல்லிக்குக் கிடையாது, வெந்தயத்துக்கும் சோம்புக்கும் கிடையாது. ஆனால் அதே பருவத்தில் அதே மண்ணில் போட்டியாக நிற்கும் கடுகுக்கும் கோதுமைக்கும் கொண்டைக்கடலைக்கும் உண்டு. நம் கரிசலில் மல்லிக்குப் பங்காளி உளுந்தும் பாசிப்பயறும். 2024-25-ல் குவிண்டாலுக்கு உளுந்துக்கு 7,400 ரூபாய், பாசிப்பயறுக்கு 8,682 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த விலைக்கே அரசு எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறது என்று சொல்லவில்லை, வாங்குவது கொஞ்சம்தான், ஆனால் வியாபாரியிடம் பேசும்போது விவசாயி கையில் ஒரு எண் இருக்கிறது. மல்லிக்காரன் கையில் அதுகூட இல்லை. அவன் விலை காலையில் என்.சி.டி.இ.எக்ஸ் என்ற முன்பேரச் சந்தையின் திரையில் ராஜஸ்தான் மல்லி என்ன போகிறது, துறைமுகத்தில் ரஷ்யா மல்லி, பல்கேரியா மல்லி எத்தனை கன்டெய்னர் இறங்குகிறது என்பதைப் பார்த்து என்னைப் போன்ற ஒரு ஆள் சொல்வதுதான். உளுந்தும் 70 நாள், மல்லியும் கொஞ்சம் கூடக் குறைய அவ்வளவு நாள். அப்புறம் மக்காச்சோளம் வேறு வந்துவிட்டது, கோழித்தீவனக்காரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். இதில் ஒருவன் மல்லியை விட்டுப் போனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, யார் பொறுப்பு என்று தேடிப் போனால் அதுவும் ஒரு சுற்று. கொச்சியில் நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது, 1987-ல் தொடங்கியது, அதன் பட்டியலில் 52 நறுமணப் பொருள்கள், சீரகமும் மல்லியும் அதில் உண்டு. ஆனால் அது வணிக அமைச்சகத்தின் கீழ் வருவது. வயல் வரை இறங்கி அது வளர்ப்பது ஏலக்காயைத்தான், மற்றவற்றில் அறுவடைக்குப் பிந்திய வேலையும் ஏற்றுமதியும். கதிரடிக்கும் இயந்திரத்துக்கு உதவி கொடுப்பார்கள், ஜோத்பூர், ராம்கஞ்ச் மண்டி, குணா, நம் சிவகங்கை போன்ற இடங்களில் நறுமணப் பூங்கா கட்டினார்கள். சாகுபடி என்றால் அது வேளாண் அமைச்சகம், அதற்குக் கோழிக்கோட்டில் பாக்கு மற்றும் நறுமணப் பயிர் மேம்பாட்டு இயக்குநரகம். தமிழ்நாட்டுக்குள் வந்தால் மல்லி தோட்டக்கலைத் துறைக்குப் போகும், அதே வயலில் அதற்கு முன் நின்ற கம்பும் பருத்தியும் வேளாண்மைத் துறை. மானாவாரிக்கென்று 2016-17-ல் மாநில அரசு ஒரு இயக்கம் தொடங்கி 25 லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்தபோது சிறுதானியமும் பயறும் எண்ணெய்வித்தும்தான் முன்னால் நின்றன. பெரும்பாலும் மானாவாரியாகவே விளையும் மல்லி, துறை வேறு என்பதால் பின்வரிசைக்குப் போய்விட்டது. விவசாயிக்கு ஒரே வயல், அரசாங்கத்துக்கு இரண்டு கோப்பு.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உளுந்து போன்ற பயிருக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் என்ற மழைக்காலப் பருவத்தில் 2, ராபி என்ற பனிக்காலப் பருவத்தில் 1.5 சதவீதம். மல்லி தோட்டக்கலைப் பயிர் என்பதால் 5 சதவீதம் வரை. இங்கேயும் துறைக் கணக்கு பாக்கெட்டைத் தொடுகிறது. இழப்பீட்டை உங்கள் வயலைப் பார்த்துக் கொடுப்பதில்லை, பல ஊர்கள் சேர்ந்த பிர்கா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. உங்கள் ஊரில் பூ உதிர்ந்து, பக்கத்து நான்கு ஊரில் சுமாராக விளைந்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனாலும் கட்டுங்கள். மாவட்டமே பொய்த்த வருடத்தில் கரிசலில் பணம் வந்திருக்கிறது, அந்தப் பணத்தில்தான் மறு வருடம் விதைத்தேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

சொட்டுநீர், தெளிப்புநீர் மானியம் நம் மாநிலத்தில் தாராளம்: சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஆனால் குழாய் போடக் கிணறு வேண்டுமே. கரிசலில் மல்லி போடுகிறவர்களில் பாதிப்பேருக்குக் கிணறு கிடையாது, இருந்தாலும் உப்புத் தண்ணீர். ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் கருப்புக் குழாயைச் சுருட்டி வைத்து அதன்மேல் வைக்கோல் போட்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே, கூரை காற்றில் பறக்காமல் இருக்க நல்ல பாரம் என்றார். அதே ஊரில் பண்ணைக்குட்டை வெட்டிய ஒருவர், மார்கழியில் மழை நின்றுபோன வருடம், வாடகை டீசல் இன்ஜின் வைத்து ரெயின் கன் என்ற பெரிய தெளிப்பானில் ஒரே ஒரு தண்ணீர் கொடுத்தார். பூவில் இருந்த மல்லிக்கு அது உயிர்த்தண்ணீர். பக்கத்து வயலில் மூட்டை ஒன்றரை, இவருக்கு நான்கு. இத்தனைக்கும் அந்தக் குட்டை எந்த மசாலாத் திட்டத்திலும் வந்ததில்லை.

இப்போது உங்கள் ஐந்து ஏக்கர். மானியத்துக்காக என்றால் வேண்டாம். மல்லிக்காக என்றால் இரண்டு ஏக்கர் போட்டுப் பாருங்கள், மீதியில் உளுந்தோ பாசியோ இருக்கட்டும். ஒன்றின் விலை விழுந்தாலும் எல்லாம் சேர்ந்து மாட்டாது. மானியம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வரவில் எழுதாமல் கணக்குப் போட்டு, அப்படியும் கட்டுப்படியானால் மட்டும் இறங்குங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், சென்னைக்காரர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் நிலைமை. அதை மாற்றாமல் எந்த அலுவலகத்திலும் உங்கள் விண்ணப்பம் நகராது, முதல் வேலை அது.

விதையில் ஏமாறாதீர்கள். நகரத்து விதைக்கடையில் பளபளப்பான பாக்கெட்டில் இருப்பது அனேகமாகத் தழைக்குப் போடும் ரகம், இலை புதராக வரும், காய் பிடிக்காது. இந்த விஷயத்தில் என் சொந்தக்காரர் ஒருவருக்கு யோசனை சொல்லப் போய் நானே கெட்ட பெயர் வாங்கினேன், கல்யாண வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கோ 4 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் ஊரில் நல்ல விளைச்சல் எடுத்தவரிடம் நாட்டு மல்லி. மானாவாரிக்கு எக்டருக்கு 20, 25 கிலோ, ஏக்கருக்கு எட்டிலிருந்து பத்து கிலோ. ஒரு காய்க்குள் இரண்டு விதை ஒட்டியிருக்கும், அப்படியே விதைத்தால் இரண்டும் ஒரே குழியில் நின்று அடித்துக்கொள்ளும். தரையில் பரப்பி, பழைய செருப்பின் அடிப்பாகத்தால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிரியும், அழுத்தினால் பருப்பு நொறுங்கிவிடும். ஊரில் ஒரு பாட்டி இதைச் செய்யும்போது சத்தத்தை வைத்தே போதும் போதும் என்பார், எனக்கு இதுவரை அந்தச் சத்தம் பிடிபடவில்லை.

விற்கும்போது இரண்டு அரசு வசதிகள் உண்மையிலேயே உதவும், இரண்டையும் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. ஒன்று, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளீட்டுக் கடன். மூட்டையை அவர்கள் கிடங்கில் வைத்துவிட்டு மதிப்பில் 75 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்குள், குறைந்த வட்டிக்கு, ஆறு மாதத்துக்கு வாங்கலாம். மாசியில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டும்போது நானே விலையைக் குறைத்துத்தான் கேட்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை. சித்திரை, வைகாசி வரை பொறுத்தவனிடம் என் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ரொம்பவும் வைத்திருக்கக் கூடாது, பச்சை நிறம் வெளுக்கும், வண்டு வரும்.

இன்னொன்று உலர்களம். கரிசல் ஊர்களில் செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் போட்டுவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறிப் போய் அடித்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். குத்தூசியை இழுத்துக் கையில் கொட்டினால் மல்லியோடு பொடிக்கல்லும் தாரும் வரும். சில சமயம் பீடித்துண்டும் வரும். கல்லைப் பார்த்த நிமிடமே மூட்டைக்கு நூறு இருநூறு குறைத்துவிடுவேன், ஏனென்றால் அதை எங்கள் ஆலையில் சல்லடை போட்டுப் பிரிக்கும் செலவு எனக்கு. அதே மல்லி சிமென்ட் களத்தில் காய்ந்து வந்தால் பேசாமல் எடை போடச் சொல்வேன். உங்கள் ஊரிலும் ஊராட்சியோ வேறு துறையோ கட்டிய களம் ஒன்று நிச்சயம் இருக்கும், அதில் யாராவது டிராக்டரை நிறுத்தியிருப்பார்கள், அல்லது கம்பிவேலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். புரட்டாசியில் விதைக்க ஊருக்குப் போகும்போதே அந்தச் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், தை மாதம் தேடினால் கிடைக்காது.